கூடை முடைந்தவர் யார்?

தைத்திங்கள் விழாவாயினும் சித்திரைத் திருநாளாயினும் நம் சங்க மண்டபங்களில் கைவினைக் காட்சி ஒன்று இடம்பெறாமல் இராது. வெண்துணி விரித்த மேசைமீது சிறியனவும் பெரியனவுமாகக் கூடைகள் அடுக்கப்பட்டிருக்கும். வண்ணக் கரையும் பூவேலையும் கொண்ட அவற்றைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து வியவாதார் இலர். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் அட்டை நிற்கும். இயற்கைப் பொருளால் ஆனது என்றும், பழைய வடிவங்களின் உந்துதலால் உருவானது என்றும், கையால் முடையப்பட்டது என்றும் அவ்வட்டை அறிவிக்கும். விலையும் அறிவிக்கும். யார் கையால் முடையப்பட்டது என்பதை மட்டும் அறிவிக்காது.

இதனைப் பிறர்மேற் குற்றமாகச் சுமத்த நாம் எழுதவில்லை. அம்மேசையருகே நின்று கூடை வாங்கியவர்களுள் நாமும் இருக்கிறோம். நம் வீட்டு முன்னறையிலும் அத்தகைய கூடையொன்று உலர்ந்த பூக்களைத் தாங்கி அமர்ந்திருக்கிறது. ஆயினும் 'உந்துதல்' என்னும் அச்சொல் நம்மை நெடுநாளாக உறுத்தி வருகிறது. என்றோ மறைந்த புலவன் ஒருவனின் பாட்டிலிருந்து உந்துதல் பெற்றோம் எனலாம். அவனைத் தேடிச் சென்று நன்றி சொல்ல இயலாது. உயிரோடிருந்து, இன்றும் மூங்கிலைப் பிளந்து கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து வடிவத்தைப் பெற்றுக்கொண்டு, அவர் பெயரைக் கேளாமல் 'உந்துதல்' என்று எழுதி வைப்பது எவ்வகை நாகரிகம்?

அவ்வடிவங்கள் பிறந்த இடம் எங்கோ தொலைவில் இல்லை. சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில் நம்மிற் பலர் ஒருமுறையேனும் சென்றிருப்போம். எல்லையைக் கடந்தவுடன் சுருட்டப்பள்ளி. அங்கே ஈசன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறான். பின்னர் நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிச்சாட்டூர் என்ற பெயரைத் தமிழ்நாட்டார் பெரும்பாலும் மழைக்காலச் செய்தியிற்றான் கேட்பர். அங்குள்ள ஆரணியாற்று நீர்த்தேக்கம் திறக்கப்படும்போது திருவள்ளூர் மாவட்டத்துக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுப்பது வழக்கம். மற்ற நாள்களில் அவ்வூரை நினைப்பார் இல்லை.

ஆட்சிக் கோடுகள் பலமுறை இழுக்கப்பட்ட நிலம் அது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. வடவெல்லைப் போராட்டத்தின் பின்னர் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி இப்பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் அப்பக்கம் சென்றன. 2022இல் திருப்பதி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது பிச்சாட்டூர் அதனுள் அடங்கிற்று. கோடுகள் எவ்வாறு மாறினும், ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் ஒலிப்பது மாறவில்லை. நாம் கூடை என்பதை அண்டை வீட்டார் 'கம்ப' என்றும் 'புட்ட' என்றும் கூறுவர். நம் முறம் அவர்க்குச் 'சேட்ட'. இவ்விரு மொழி வீட்டாருக்கும் கூடை கொண்டு வந்து தந்தவர் ஒரே மக்கள். தெலுங்கில் அவர்களை எருகலர் என்பர். தமிழிற் குறவர் என்போம். (நரிக்குறவரையும் இவர்களையும் ஒன்றெனக் கருதுவார் பலர். அது பிழை. நரிக்குறவர் மொழியே வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.)

அவர்கள் தொழிலை அருகிருந்து கண்டவர்க்கு அது எளியதாகத் தோன்றும். செய்ய முயன்றவர்க்குத் தோன்றாது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகளில் வளர்வது உட்புழை குறைந்த கல்மூங்கில். இளங்கழி சுருங்கும், முற்றிய கழி முறியும். இரண்டிற்கும் இடைப்பட்ட பருவத்தைக் கணுவின் நிறத்தைப் பார்த்தே தேர்வர். கணுக்களைச் சீவியபின், அரிவாளைக் கழியின் தலையிற் பதித்துத் தட்டி, நுனி முதல் அடி வரை கோடு கோணாமற் பிளக்க வேண்டும். பிளவு ஒருபுறம் சாய்ந்தால் கட்டைவிரலால் மறுபுறத்தை அழுத்தித் திருப்புவர். அவ்விரலின் தழும்புகளே அவர்களுக்குப் பட்டயம். பச்சைத்தோல் ஒட்டிய புறப்பட்டை உறுதியானது. உட்பட்டை மென்மையானது, விரைவிற் பூச்சியரிப்பது. அடிச்சட்டத்திற்கும் விளிம்பிற்கும் புறப்பட்டை, இடைநெசவுக்கு உட்பட்டை என்று பகுத்து, நீரில் ஊறவைத்துப் பின்னத் தொடங்குவர். தட்டையாகப் பரந்த அடியிலிருந்து குச்சிகளை மேல்நோக்கி நிமிர்த்தும் இடமே இடர் மிக்கது. ஊறல் குறைந்திருப்பின் அங்கேதான் முறியும். அதுவரை பட்ட பாடு வீணாகும்.

மூங்கில் கிட்டாத இடத்தில் ஈஞ்சு. அதன் ஓலையின் நுனி முள்ளாகக் குத்தும். ஓலையைக் கழித்து, நடுமட்டையை நீளவாக்கிற் கீறிக் குச்சியாக்கி முடையும் கூடை முரடானது; ஆனால் எருவும் மண்ணும் கல்லும் சுமப்பதற்கு அதற்கு நிகரில்லை. எருகலருள் ஈச்சங்குச்சியாற் பெயர் பெற்ற பிரிவும், மூங்கிற் பிளவாகிய தப்பையாற் பெயர் பெற்ற பிரிவும் உண்டு. கைப்பொருளே குடிப்பெயராகி நின்றது.

இக்கூடைகளின் வடிவம் எதுவும் அழகுக்கென்று எண்ணப்பட்டதன்று. முறத்தின் ஒருபக்கம் அகன்று திறந்திருப்பது பதர் பறக்க. பின்பக்கம் குழிந்திருப்பது மணி தங்க. கோழிக்கூடையின் பின்னல் இடைவெளி விட்டிருப்பது காற்றுப் புக. தானியம் சேர்க்கும் தொம்பை வயிறு பெருத்திருப்பது கொள்ளளவுக்காக. அதன் இடைவெளியை அடைக்கச் சாணம் பூசுவர். முறத்திற்குக் காகிதக்கூழும் வெந்தயமும் அரைத்துப் பூசும் வழக்கமும் நம் பாட்டியர் அறிந்தது. இப்போது முறத்தின்மேல் வண்ணம் தீட்டிப் பிள்ளையார் உருவம் வரைந்து சுவரில் மாட்டுகிறோம். பிள்ளையார் மீது நமக்கு வருத்தமில்லை. ஆனால் அம்முறத்தைக் கொண்டு ஒரு படி அரிசி புடைக்க இயலாது என்பதையும், அதை முடைந்தவர் அதற்காக முடையவில்லை என்பதையும் மறந்துவிடுகிறோம்.

தெலுங்குத் திருமணங்களில் மணமகளை மூங்கிற் கூடையில் அமர்த்தித் தாய்மாமன் சுமந்து மணவறைக்குக் கொண்டுவருவது கண்கொள்ளாக் காட்சி. எல்லையோரத்துத் தமிழ் வீட்டாரும் அதைக் கண்டு மகிழ்ந்தவரே. மங்கலத்தின் நடுவில் அக்கூடை வீற்றிருக்கும். அதனை முடைந்தவள் எங்கே நின்றாள்? நம் இளமையில் நம் வீட்டு வாயிலில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். அறுவடை முடிந்ததும் தலையில் அடுக்கிய முறங்களோடு ஒரு பெண் வருவாள். வேலிக்கு வெளியே நிற்பாள். நம் அன்னையர் முறத்தை வாங்கி வெயிலில் உயர்த்திப் பிடித்து, ஓட்டை தெரிகிறதா என்று பார்ப்பர். அவள் நாலு படி கேட்பாள்; இரண்டு படியில் முடியும். தண்ணீர் கேட்டால் குவித்த கையில் மேலிருந்து ஊற்றுவர். அம்முறத்தில் புடைத்த அரிசியை உண்டு வளர்ந்தவர் நாம். அவள் பெயர் நமக்குத் தெரியாது. அவளுக்கோ நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவரின் பெயரும் தெரியும்.

இந்த இழிவு தானாக முளைத்ததன்று. குறவர் ஒரு காலத்தில் கழுதைகளிலும் பொதிமாடுகளிலும் கடற்கரை உப்பை உள்நாட்டிற்கு ஏற்றிச் சென்று, தானியத்தோடு மாற்றி வாழ்ந்த வணிகர். ஆங்கில ஆட்சியின் உப்பு முற்றுரிமையும் இருப்புப் பாதையும் அவ்வணிகத்தை எவ்வாறு அழித்தன என்பதை வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். தொழிலைப் பறித்தபின் ஊர் ஊராகத் திரிபவர் என்று ஐயுற்றனர். முதலில் வடஇந்தியாவிற்கென 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டது. அதன்கீழ்ப் பதிவு செய்யப்பட்ட குடும்பத்தார் காவலரிடம் வருகை காட்ட வேண்டும். இசைவின்றி ஊர் தாண்டலாகாது. கூடை விற்பவன் ஊர் தாண்டாமல் யாரிடம் விற்பான்? பலர் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டனர். இரட்சணிய சேனையின் பொறுப்பில் இருந்த ஸ்டூவர்ட்டுபுரம் அவற்றுள் பேர் பெற்றது. நாடு விடுதலை பெற்றபின், 1952இல்தான் அச்சட்டம் முற்றாக ஒழிந்தது. ஏடுகளில் ஒழிந்தது என்று திருத்திச் சொல்ல வேண்டும். ஒருவனை ஏச விரும்பும் தமிழன் வாயில் இன்றும் முதலில் வரும் சொற்களுள் அம்மக்களின் பெயரும் ஒன்றாக இருக்கிறதல்லவா? நம் பிள்ளைகள் அயல்மண்ணிற் பிறந்தும் அவ்வேச்சைக் கற்றிருக்கிறார்கள். யார் கற்பித்தது? பள்ளி கற்பிக்கவில்லை.

இதில் நமக்குள்ள முரண்பாடு நகைக்கத்தக்கது. திருத்தணி மலையிலே முருகனை வள்ளியோடு கண்டு கண்ணீர் மல்குகிறோம். வள்ளி யார் வளர்த்த மகள்? குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். அதில் வரும் குறத்தி இடுப்பிலே கூடையும் கையிலே மாத்திரைக்கோலும் ஏந்தி வருகிறாள். குறமகள் இளவெயினி என்ற பெயரைச் சங்கப் புலவர் வரிசையில் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். பாட்டிலே வரும் குறத்தி நமக்குத் தாய். வாயிலில் வரும் குறத்தி அயலாள். போதாக்குறைக்கு, சங்க விழாவின் மாறுவேடப் போட்டியில் நம் சிறுமியர்க்குக் குறத்தி வேடமிட்டு, கைக்காட்சி மேசையிலிருந்து எடுத்த அழகுக் கூடையையே இடுப்பில் வைத்து அனுப்புகிறோம். அவையோர் சிரிக்கின்றனர். எதற்காகச் சிரிக்கின்றனர் என்று எவரேனும் எண்ணியதுண்டா? குறவன் குறத்தி ஆட்டம் அம்மக்களை இழிவுபடுத்துகிறது என்ற முறையீட்டின் பின்னர், 2023இல் தமிழ்நாட்டரசு அதற்குத் தடை விதித்தது. கடல் கடந்த மேடைகளுக்கு அவ்வாணை எட்டாது. நம் மானம் எட்ட வேண்டும்.

இன்னொன்று, புலம்பெயர்ந்த நமக்கென்றே சொல்லத்தக்கது. எருகலர் தமக்குள்ளே பேசும் மொழி தெலுங்கன்று. மொழியியலார் அதனைத் தென்திராவிடக் கிளையில், தமிழை ஒட்டிய மொழியாக வகைப்படுத்துகின்றனர். தெலுங்கு வழங்கும் மண்ணில், எழுத்தும் பள்ளியும் சங்கமும் மலரும் இன்றி, தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள்ளே அம்மொழியைக் காத்து வருகிறார்கள். நாமோ இரண்டாம் தலைமுறையிலேயே பிள்ளைகளின் தமிழைக் குறித்துக் கவலைப்பட்டு, வார இறுதி வகுப்பு நடத்துகிறோம். அயல்மொழிச் சூழலில் தாய்மொழியை எப்படிக் காப்பது என்று எவரிடமேனும் கேட்க வேண்டுமாயின், முதலில் அக்கூடைக்காரியிடம் அன்றோ கேட்க வேண்டும்?

பிச்சாட்டூரிலிருந்து ஆரணியாற்றோடு கீழ்நோக்கிச் சென்றால் பழவேற்காடு வரும். அங்கே இசுலாமியப் பெண்கள் பல தலைமுறையாகப் பனங்குருத்தோலையிற் பெட்டிகள் முடைகின்றனர். அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. தெற்கே செட்டிநாட்டில் ஆச்சிமார் தம் வீட்டுத் திருமணங்களுக்குத் தம் கையாலேயே கொட்டான் முடைந்தனர். அக்கலை மறையுந்தறுவாயில் விசாலாட்சி இராமசாமி தொடங்கிய அறக்கட்டளை அதனை மீட்டு, சிற்றூர்ப் பெண்களுக்குக் கற்பித்தது. இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இவை மகிழத்தக்கவை, ஒரு சொல்லும் குறைவாகக் கூறோம். ஆயினும் ஒன்றை நோக்குக. மதிப்புள்ளோர் வீட்டில் முடையப்பட்ட கொட்டானுக்கு ஊர்ப்பெயர் நிலைத்தது, வரலாறு எழுதப்பட்டது. வேலிக்கு வெளியே நின்றவள் முடைந்த முறம் பெயரற்ற 'இயற்கைப் பொருள்' ஆகிவிட்டது. கைத்திறம் இரண்டிலும் உண்டு. கை யாருடையது என்பதில்தான் வேற்றுமை.

இவ்வாறு சொன்னால் எழக்கூடிய மறுப்புகளை நாம் அறிவோம். அழகுக் கூடை வாங்குவதால்தானே அவர்களுக்குப் பிழைப்பு என்பர். உண்மைதான். சித்தூர் மாங்காயும் மதனப்பள்ளித் தக்காளியும் கூடையிற் சென்ற காலம் போய்ப் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்துவிட்டன. பழைய வாங்குவோர் அருகினர். புதிய வாங்குவோர் வரட்டும். ஆனால் நாம் எவ்வாறு வாங்குகிறோம்? திருமணத் தாம்பூலத்திற்கு ஒரே அளவில், ஒரே நிறத்தில், நூற்றுக்கணக்கில், பத்தே நாளில் வேண்டும் என்கிறோம். கழியின் ஈரத்தையும் வெயிலையும் பொறுத்து நிறம் மாறும் பொருளிடம் அச்சு வார்த்த ஒற்றுமையை எதிர்பார்க்கிறோம். ஒன்றிரண்டு நிறம் குன்றினால் விலையைக் குறைக்கிறோம். இடையில் நிற்பவர் அக்குறைப்பை முடைந்தவர் தலையில் ஏற்றுகிறார். இரண்டு படியில் முடித்த நம் அன்னையரை விட நாம் எவ்வகையில் மேம்பட்டோம்?

மூங்கில் கிடைப்பதும் எளிதன்று. 1927ஆம் ஆண்டு வனச்சட்டம் மூங்கிலை மரம் என்றது; புல்லினத்தைச் சேர்ந்த ஒன்றை வெட்டியவன் மரம் வெட்டிய குற்றவாளியானான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதனைச் சிறுவன விளைபொருளாக ஏற்றது. 2017இல் வனத்துக்கு வெளியே விளையும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கினர். நிலமுடையவன் தோப்பில் வளர்த்து விற்க அது உதவும். நிலமே இல்லாதவனுக்கு? அவன் கழியை விலைக்கு வாங்கித்தான் பிளக்க வேண்டும். 'இயற்கைப் பொருள்' என்று அட்டையில் எழுதும்போது அது இலவசமாகக் காட்டில் கிடந்தது போல நமக்கு ஒரு மயக்கம்.

இனி வலிமையான மறுப்பு ஒன்று. சாதித் தொழிலைக் காப்பாற்றச் சொல்கிறீர்களா, அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு பணிக்குப் போக வேண்டாமா என்பது அது. இதற்கு விடை கூறாமல் கைவினைபற்றிப் பேசுவோர் பலர். நாம் தெளிவாகவே கூறுகிறோம். கூடை முடைபவரின் மகள் கூடைதான் முடைய வேண்டும் என்பவர் எவராயினும் அவரோடு நமக்கு உடன்பாடில்லை. 1953இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட அரைநாட் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று தமிழகம் எதிர்த்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. 2023இல் நடுவணரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் பதினெட்டுத் தொழில்களுள் கூடை முடைதலும் உண்டு. குடும்பத் தொழிலாக இருத்தல் வேண்டும் என்ற கட்டளையை நீக்கினாலன்றி ஏற்கோம் என்று 2024இல் தமிழ்நாடு மறுத்ததை நாம் சரியென்றே கருதுகிறோம். நாம் மட்டும் கடல் கடந்து எத்தொழிலும் செய்யலாம், எருகலர் மகன் நம் முன்னறை அழகுக்காக ஈச்சமுள் குத்தக் குத்த அமர்ந்திருக்க வேண்டும் என்பது அறமாகாது. முடைவதற்கு ஒருவரும் இன்றி முறம் மறையுமாயின் மறையட்டும். நாம் வருந்துவோம், ஆனால் தடுக்க நமக்கு உரிமையில்லை.

நமக்கு உரிமையில்லாத மற்றொன்றும் உண்டு. முடைந்தவரை விலக்கிவிட்டு, முடைந்ததை மட்டும் 'எம் மரபு' என்று மேசைமீது வைப்பது. வடிவம் எவர்க்கும் தனியுடைமையன்று என்பது மெய். சங்க வகுப்பில் நம் இல்லத்தரசியர் பிரம்பிலும் கோரையிலும் கூடை பின்னக் கற்பது நன்றே. பிளாஸ்டிக் ஒயரில் சிவன்கண் கூடை பின்னிய கைகள்தாமே அவை! ஆயினும் கீர்த்தனை பாடுமுன் இயற்றியவர் பெயரைச் சொல்கிறோம். சேலை வாங்கினால் காஞ்சிபுரமா ஆரணியா என்று கேட்கிறோம். கூடைக்கு மட்டும் அக்கேள்வி ஏன் நாவில் எழுவதில்லை?

ஆகவே வரும் தைத்திங்கள் காட்சியை முன்னிட்டுச் சங்கப் பொறுப்பாளர்க்கு ஒரு முறையீடு. தாயகத்திலிருந்து கூடை தருவிப்போர், முடைந்தவரின் பெயரையும் ஊரையும், அவர் இசைந்தால், கேட்டு எழுதிக்கொள்க. அவர் கைக்குச் சென்ற தொகை எவ்வளவு என்பதையும் விலையருகே குறிக்க. மாறுவேடப் பட்டியலிலிருந்து குறத்தியை நீக்குக. அழகுக் கூடைகளின் நடுவே பூச்சில்லாத முறம் ஒன்றையும் வைத்து, ஒரு படி நெல்லும் வைக்க; புடைக்கத் தெரிந்த பாட்டியர் நம் நடுவே இன்னும் இருக்கின்றனர். அட்டையில் கூடுதலாக ஒரு வரி அச்சிட வேண்டிவரும். அச்சகத்தாரை வினவினோம், அதற்குத் தனிக்கூலி இல்லை என்றார்.